பதினோராவது தலை

குழு: உப்புவெளி வீடு, மதுரா கல்யாணம்

குகன்: [படம்] மதுரா அக்காவின் கல்யாண அழைப்பிதழுக்கு அட்டைப்படம். பார்த்துச் சொல்லுங்கோ.

சித்தி: எங்கட திருகோணமலைச் சுவாமி மலை, கடல், வீணையோடு ராவணன்! ஆர் தம்பி வரைந்தது?

குகன்: ஒருவரும் வரையவில்லை. நாலு வரி எழுதிக் கொடுத்தேன், ஏஐ அரை நிமிடத்தில் தந்தது.

பெரியப்பா: தலையை எண்ணினேன். 11.

மதுரா: வீணைத் தந்தி உள்ளங்கைக்குள்ளால் போகிறது 😭

குகன்: அது எண்ணி வரைவதில்லை பெரியப்பா. பழைய டிவியில் சிக்னல் இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாக இரையுமே, முதலில் அப்படித்தான் இருக்கும். அந்தப் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துத் துடைத்துப் படம் எடுக்கும். ராவணனுக்கு நிறையத் தலை என்று பிடிபட்டிருக்கிறது, பத்து என்று பிடிபடவில்லை.

பெரியப்பா: 1957இலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் கம்ப்யூட்டரை வைத்து நாலு தந்தி வாத்தியங்களுக்கு இசை எழுதினார்கள். அது சுரங்களுக்கான எண்களைக் கண்டபடி உதிர்க்கும், இவர்கள் கொடுத்த விதிக்கு ஒத்துவந்த சுரம் மட்டும் நிற்கும். விதி அவர்கள் கையில் இருந்தது. நீ ஒரு தலையை எடுக்கச் சொல்லு பார்ப்போம்.

குகன்: சொன்னேன். 9 வந்தது.

சித்தி: 😂😂

குகன்: சரி, அதை விடுங்கோ. 2024இல் ரஹ்மான் ஒரு படப்பாட்டில் காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ கொண்டு பாட வைத்தாரே. அம்மம்மாவின் குரலில் "நிரைகழல் அரவம்" தேவாரம் செய்யவா? தாலி கட்டும் முன் மண்டபத்தில் போடலாம்.

மதுரா: ஐயோ, நான் அழுதுவிடுவேன். மேக்கப்!

பெரியப்பா: ரஹ்மான் குடும்பத்திடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்துத்தான் செய்தார்.

குகன்: நானும் குடும்பக் குழுவில்தானே கேட்கிறேன்.

பெரியம்மா: கேட்டாய், நல்லது. வேண்டாம். சம்பந்தர் நம்மட கோணமலைக்கே பாடிய பதிகம். அம்மா அதை வெள்ளிக்கிழமைதோறும் பாடினா, மூன்றாவது அடியில் மூச்சு வாங்குவா. உன் மிஷினுக்கு மூச்சு எங்கே முட்டும்?

சித்தி: அக்கா, அம்மா பாடிய கசெட் என்ர அலுமாரியில் கிடக்கு. ஒரே இரைச்சல்.

குகன்: இரைச்சலை ஏஐ துடைத்துத் தரும் சித்தி. அதைச் செய்யலாமா?

பெரியம்மா: அது செய். பின்னால் காகம் கத்தும், அதை எடுத்துவிடாதே. அம்மா சோறு வைத்த காகம்.

மதுரா: அப்ப அட்டைக்கு?

பெரியப்பா: சுவாமி மலையில் பாறை பிளந்த இடம், ராவணன் வெட்டு, அதைப் போய்ப் படம் எடுத்துப் போடு. தலை எண்ணும் வேலை இல்லை.