மெட்டல் ஸ்லக் 2 மறுவெளியீடு: தாமதம் கேம்லயா, டிவிலயா?

சாட்ஸ்வொர்த்_வாசி: மெட்டல் ஸ்லக் 2ங்கற பழைய துப்பாக்கிச் சண்டை கேமோட மறுவெளியீட்டுக்கு விமர்சனம் எழுதணும். பட்டன் அமுக்கினா குண்டு லேட்டா போற மாதிரி இருக்கு. எதிரிங்க கூட்டமா வந்தா படமே மெதுவாகுது. மார்க் குறைக்கலாமா?

ஃபீனிக்ஸ்_ஆட்டக்காரன்: டிவியில கேம் மோட் (தாமதத்தைக் குறைக்கற செட்டிங்) போடுங்க, வயர் வெச்ச கேம் பேட் எடுங்க தம்பி. ப்ளூடூத்ல அளந்தா கணக்கே கலைஞ்சிடும். போன்ல செகண்டுக்கு 240 ஃபிரேம், அதாவது 240 படம், எடுக்கற ஸ்லோ மோஷன் வெச்சு விரலும் திரையும் ஒரே ஷாட்ல விழற மாதிரி எடுங்க. பட்டன் முழுசா அமுங்கினதுல இருந்து துப்பாக்கி முனையில நெருப்பு தெரியற வரை ஃபிரேமை எண்ணுங்க. ஒரு ஃபிரேம் 4.17 மில்லிசெகண்ட். 20 வந்தா 83 மில்லிசெகண்ட், அதாவது செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடற கேம் கணக்குல 5 ஃபிரேம். பத்து தடவை எடுத்துச் சராசரி போடுங்க. அதே டிவியில வேற ஆக்‌ஷன் கேமையும் அளங்க. வித்தியாசம் மட்டும்தான் இந்த கேமோட பங்கு.

டர்பன்_நியோஜியோ: மெதுவாகறதுக்கு மார்க் குறைக்காதீங்க. 1998 ஒரிஜினலே அப்படித்தான். அதைச் சரிபண்ணித்தான் 1999ல மெட்டல் ஸ்லக் எக்ஸ் வந்துச்சு. ரெண்டும் தனித்தனியா விக்கறாங்க, எதை வாங்கலாம்னு தெளிவா சொல்லுங்க. என் ஓட்டு எக்ஸுக்கு.

ஃபீனிக்ஸ்_ஆட்டக்காரன்: நடுவுல கரண்ட் போனா ஆட்டம் எங்க இருந்து தொடருதுன்னும் பாத்து எழுதுங்க. நம்ம டர்பன்ல முதல் கேள்வியே அதுதான்.