சீனாவின் அரசு நிறுவனங்களில் வேலையிழந்த தொழிலாளர்களின் போராட்டங்கள் ஏன் ஒன்றிணையவில்லை?

கதிரவன்:
அடக்குமுறையே காரணம் என்பது என் வாதம். 2002 மார்ச்சில் லியாவோனிங் மாகாணத்தின் லியாவ்யாங்கிலும் ஹெய்லோங்ஜியாங்கின் டாச்சிங்கிலும் பல்லாயிரம் பேர் வீதிக்கு வந்தார்கள். லியாவ்யாங்கில் முன்னின்ற யாவ் ஃபூசின், சியாவ் யுன்லியாங் இருவருக்கும் 2003இல் முறையே 7, 4 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது. இதைப் பார்த்த பிறகு அடுத்த ஊரோடு கைகோக்க யார் துணிவார்?

மலர்விழி:
சிறைத்தண்டனையின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரு ஊர்களின் குறைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். டாச்சிங் எண்ணெய் வயலில், பணிக்காலத்துக்கு ஈடாக மொத்தத் தொகை பெற்று விலகியவர்கள், காப்பீட்டுச் சந்தா உயர்ந்ததையும் குளிர்கால வெப்பமூட்டும் உதவித்தொகை நின்றதையும் எதிர்த்து நிறுவன நிர்வாகத்தின் வாசலில் கூடினார்கள். லியாவ்யாங் இரும்புக்கலவை ஆலையிலோ ஊதியமும் ஓய்வூதியமும் பாக்கியாக நிற்க, ஆலையைத் திவாலாக்கியவர்கள் நகர அதிகாரிகளோடு கூட்டு என்று தொழிலாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள். நகரத்தில் வேலையில்லாதவரே இல்லை என்று உயர் பொறுப்பாளர் ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னதுதான் அவர்களின் பொறுமையை உடைத்தது. எதிராளி வேறு, கேட்பது வேறு. ஷாங்காயில் 1996லேயே வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளர்களுக்கென, வேறு வேலை தேடித்தரும் மறுவேலைவாய்ப்பு மையங்கள் தொடங்கப்பட்டன. நகரிடம் பணம் இருந்ததால் கோபம் அந்த அளவுக்கு முற்றவில்லை.

கதிரவன்:
ஷாங்காய் விதிவிலக்கு. 2009 ஜூலையில் ஜிலினின் டோங்ஹுவா உருக்காலையைத் தனியார் நிறுவனம் கைப்பற்றுவதை எதிர்த்த தொழிலாளர்கள் மேலாளரை அடித்துக் கொன்றார்கள். அந்தக் கொலையை என்னால் நியாயப்படுத்த முடியாது. கையகப்படுத்தல் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே ஹெனானின் லின்ஷோ உருக்காலையில், அதைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்த தொழிலாளர்கள் அதிகாரி ஒருவரை அடைத்து வைத்தார்கள், அங்கும் விற்பனை நின்றது. ஒரே குறை, ஒரே எதிர்ப்பு, வெவ்வேறு மாகாணங்கள். குறைகள் ஒன்றாக இருந்தும் ஒரு பொதுச் சங்கம் உருவாகவில்லை என்றால், அரசுச் சார்பற்ற சுதந்திரமான சங்கத்தைச் சட்டம் அனுமதிக்காததுதானே காரணம்?

மலர்விழி:
அது விற்பனையை எதிர்த்த போராட்டம், ஏற்கெனவே வேலையிழந்தவர்களின் போராட்டம் அல்ல. முன்னதில் ஆலையே கையில் இருந்தது, உற்பத்தியை நிறுத்த முடிந்தது. வேலையிழந்தவர்கள் எதை நிறுத்துவார்கள்? வீதியையும் ரயில் பாதையையும் மறிக்கலாம், அவ்வளவுதான். ஓய்வூதிய நிதி பெரும்பாலும் நகர அளவில் திரட்டப்பட்டதால், பாக்கியைக் கேட்டு அவர்கள் தட்ட வேண்டிய கதவும் அந்தந்த நகர அரசினுடையதாகவே இருந்தது. லியாவ்யாங்காருக்குத் தர வேண்டியதை டாச்சிங்கிடம் கேட்க முடியாது.