அலைபாயுதே டிவிடி: இரண்டில் எது நல்ல தட்டு?

நெய்வேலிக்காரன்:
வணக்கம். அடுத்த மாதம் எங்களுக்கு 25-வது கல்யாண நாள். நிச்சயமான கையோடு, வீட்டுக்குத் தெரியாமல் நானும் என் மனைவியும் போய்ப் பார்த்த படம் அலைபாயுதே. அன்றைக்கு வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து அதையே போடலாம் என்று ஆசை.

கையில் இரண்டு டிவிடி இருக்கிறது. ஒன்று சித்தப்பா அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. அதைப் போட்டால் 43 இஞ்ச் டிவியின் நடுவில் படம் சின்னதாக நிற்கிறது, நாலு பக்கமும் கறுப்பு, கொஞ்சம் இருட்டு வேறு. இன்னொன்று போன வாரம் ஒரு பழைய டிவிடி கடையில் வாங்கியது. ஒரே தட்டில் மூன்று படம், அட்டையில் ‘டிஜிட்டல் ரீமாஸ்டர், 5.1’ என்று போட்டிருக்கிறது. படம் பளிச்சென்று திரையின் அகலம் முழுக்க வருகிறது. ஆனால் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. ரயில் ஓடும்போது ஜன்னல் விளிம்புகள் சீப்புப் பல் மாதிரி பிரிகின்றன. மகன் இரண்டாவதுதான் நல்லது என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. சனிக்கிழமைக்குள் கொடுத்தால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார். எப்படிப் பார்த்து முடிவு செய்வது?

ஒலிப்பெட்டி:
அண்ணே, வாழ்த்துகள். தட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். பிளேயரிலிருந்து டிவிக்கு எந்த வயர் போகிறது? மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்றால் இரண்டு தட்டையும் ஒழுங்காக எடைபோட முடியாது. மஞ்சள் வயர் ஒன்றிலேயே படம் முழுக்கப் போவதால் நிறமும் விளிம்பும் குழம்பும். எச்டிஎம்ஐ இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். டிவியில் ‘விவிட்’ மோடை எடுத்துவிட்டு ‘சினிமா’ மோட் வையுங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறைத்துவிட்டு, அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

நாலு பக்கக் கறுப்பு கோளாறு இல்லை. பழைய சதுர டிவிக்காகச் செய்த தட்டு அது. ரிமோட்டில் ஜூம் பட்டனை அழுத்தினால் திரைக்குப் பொருந்திவிடும். ஆனால் அதில் ஒரு நஷ்டம் உண்டு. என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) தட்டில் படத்தை வரையும் கிடைக்கோடுகள் மொத்தமே 480 வரிதான். உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலமான படத்தைச் சதுரத்துக்குள் அடக்கினால் படத்துக்குக் கிடைப்பது சுமார் 272 வரி, மிச்சம் கறுப்புப் பட்டை. அகலத் திரைக்கென்று செய்த தட்டில் அதே படத்துக்கு 363 வரி கிடைக்கும். உங்கள் பழைய தட்டு மங்கலாகத் தெரிய இது ஒரு காரணம்.

பழைய ஆபரேட்டர்:
தம்பி, இருட்டு என்று அந்தப் பழைய தட்டை ஒதுக்கிவிடாதீர்கள். அது பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த படம். வெளிச்சத்தைப் பின்னாலிருந்து விட்டு முகத்தில் பாதியை நிழலில் வைப்பார். தியேட்டரில் அந்த நிழலுக்குள்ளும் கண், மூக்கு, முடி எல்லாம் தெரியும். ‘ரீமாஸ்டர்’ என்ற பெயரில் பிரைட்னஸை மட்டும் ஏற்றினால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். பிலிமின் துகளைத் துடைக்கிறேன் என்று தோலின் துளைகளையும் சேர்த்துத் துடைத்துவிடுவார்கள். நீங்கள் சொல்லும் மெழுகு அதுதான். பிறகு துடைத்ததை மறைக்க விளிம்பைக் கூர்மையாக்குவார்கள். வானத்தை ஒட்டி நிற்கும் கம்பம், கட்டடம் ஏதாவது வந்தால் நிறுத்திப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அந்தக் கூர்மை படத்தில் இருந்தது இல்லை, பிறகு ஏற்றியது.

நிறத்துக்கு ‘பச்சை நிறமே’ பாட்டைப் போடுங்கள். ஒவ்வொரு நிறமாக மாறி மாறி வரும் பாட்டு, இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது. சிவப்புத் துணியின் ஓரம் லேசாகக் கசிந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். டிவிடியில் நிறத்துக்கு ஒதுக்கியதே நெடுக்கிலும் குறுக்கிலும் பாதி நுணுக்கம்தான், எல்லாத் தட்டிலும் அப்படித்தான் இருக்கும். துணியின் மடிப்பு தெரியாமல் சிவப்பு ஒரே திட்டாக அப்பியிருந்தால் அது தவறு. வலது மேல் மூலையில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை சின்னப் புள்ளி மின்னினால் தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரீல் மாற்ற தியேட்டர் ஆபரேட்டர்களான எங்களுக்குக் கிடைத்த அடையாளம் அது, அதற்காகத் தட்டைத் தள்ள வேண்டாம்.

மூன்று படத் தட்டைப் பற்றி ஒரு கணக்கு. இரட்டை அடுக்குத் தட்டே 8.5 ஜிபிதான் கொள்ளும். அதில் ஏழரை மணி நேரப் படத்தைத் திணித்தால், படமும் ஒலியும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 2.5 மெகாபிட்தான் தேறும். மழை, கூட்டம், ஓடும் ரயில் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.

ஒலிப்பெட்டி:
ஐயா சொன்னதோடு சீப்புப் பல்லையும் பார்த்துவிடுங்கள் அண்ணே. விஎல்சியில் டீஇன்டர்லேஸை (அந்தச் சீப்புப் பல்லை மறைக்கும் வசதி) அணைத்து, ரயில் ஓடும் இடத்தில் நிறுத்தி, ஆங்கில ‘இ’ (E) எழுத்தை அழுத்தி ஒவ்வொரு பிரேமாக நகருங்கள். மூன்று பிரேம் சுத்தம், இரண்டு பிரேம் கோடு, மறுபடி மூன்று சுத்தம் என்று ஒழுங்காக வந்தால் பயப்பட வேண்டாம். வினாடிக்கு 24 பிரேம் படத்தை என்டிஎஸ்சியில் ஏற்றும்போது அப்படித்தான் வரும், நல்ல பிளேயர் அதைச் சரிசெய்துவிடும். ஆனால் ஒரே பிரேமில் இரண்டு ஜன்னல், ஒன்றின்மேல் ஒன்று ஆவி மாதிரி தெரிந்தால் அது பால் (PAL, நம் ஊர், ஐரோப்பிய டிவி முறை) முறையிலிருந்து மாற்றிய தட்டு. அதை எந்த பிளேயரும் திருத்தாது.

இன்னொரு சோதனை காதுக்கு. பால் முறைக்காக 24 பிரேமை 25 ஆக்கி வேகமாக ஓட்டுவார்கள். சுருதி லேசாக ஏறும், 60 வினாடி 57.6 ஆகும். பாட்டு சிடி இருந்தால் ஒரே பல்லவியை இரண்டிலும் அளந்து பாருங்கள்.

நெய்வேலிக்காரன்:
நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாம் பார்த்தேன். மஞ்சள் வயர்தான் இருந்தது. லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் டிவிக்குக் கொடுத்ததுமே பழைய தட்டு பாதி தெளிந்துவிட்டது. பிரேம் பிரேமாக நகர்த்தினால் மூன்று சுத்தம், இரண்டு கோடு, அச்சு அசலாக நீங்கள் சொன்னபடி. புதுத் தட்டில் ஏறக்குறைய எல்லா பிரேமிலும் ஆவி. கம்பத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடும் இருக்கிறது.

சிடியை எடுத்து வைத்துக்கொண்டு, புதுத் தட்டில் ‘பச்சை நிறமே’ பாட்டை ஓட்டி அளக்க உட்கார்ந்தபோது, அடுக்களையில் இருந்த என் மனைவி, “ஏங்க, ஹரிஹரன் குரல் ஏன் இப்படி மெலிஞ்சு கேட்குது?” என்றாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அப்புறம் அளந்ததில் சிடியில் ஒரு நிமிடம் வரும் பகுதி புதுத் தட்டில் இரண்டு வினாடிக்கு மேல் குறைகிறது. பழையதில் சரியாக இருக்கிறது.

புதுத் தட்டைத் திருப்பிவிட்டேன். மகனும் பிரேமைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டான். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பழைய தட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அரை வினாடி நின்று ஓடுகிறது. கீறலா?

பழைய ஆபரேட்டர்:
ஒவ்வொரு முறையும் அதே இடம் என்றால், அது பெரும்பாலும் முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது அடுக்குக்கு லேசர் மாறும் இடம். கீறல் என்றால் படம் கட்டமாக உடைந்து திக்கும். எதற்கும் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஜூம் வைத்த பிறகு கீழே சப்டைட்டில் வெட்டுப்படுகிறதா என்று மட்டும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

நெய்வேலிக்காரன்:
பார்த்தேன் ஐயா, இரண்டாவது வரி வெட்டுப்படுகிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் சப்டைட்டில் தேவையில்லை, அணைத்துவிட்டேன்.