இயந்திரப் பரிமாற்றத்தைக் கணக்கில் பதிவது குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். திருப்பூரில் உள்ள எங்கள் பின்னலாடை நிறுவனம், ஏட்டு மதிப்பு (தேய்மானம் போகக் கணக்கில் உள்ள மதிப்பு) 14 லட்சமும் நியாய மதிப்பு (இன்றைய சந்தை மதிப்பு) 18 லட்சமும் கொண்ட 20 கேஜ் (அங்குலத்துக்கு 20 ஊசிகள்) வட்டப் பின்னல் இயந்திரத்தைக் கொடுத்து, அதோடு 3 லட்சம் ரொக்கமும் செலுத்தி, மெல்லிய துணி பின்னும் 28 கேஜ் இயந்திரம் ஒன்றைப் பெற்றுள்ளது. சொத்து, ஆலை, இயந்திரங்களுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 16-இன்படி, இப்பரிமாற்றத்துக்கு வணிகச் சாரம் (அதாவது, நிறுவனத்தின் வருங்காலப் பண வரவை அது உண்மையில் மாற்றும் தன்மை) இருந்தால் புதிய இயந்திரத்தின் அடக்கவிலை 21 லட்சம், லாபம் 4 லட்சம். இல்லையெனில் அடக்கவிலை 17 லட்சம், லாபம் ஏதுமில்லை.

இரண்டும் ஒரே வகை இயந்திரங்கள் என்பதால் வணிகச் சாரம் இல்லை என்கிறார் எங்கள் தணிக்கையாளர். வருங்காலப் பண வரவின் அளவும் காலமும் கணிசமாக மாறுகின்றனவா என்பதே இங்கு அளவுகோல், மெல்லிய துணிக்கான ஆர்டர்களால் அவை மாறும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இத்தகைய பரிமாற்றத்தைக் கையாண்டவர்கள், வணிகச் சாரத்தை நிறுவ எந்த ஆவணங்களை முன்வைத்தீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.