ஐந்து செக்கன் காத்திருப்பு நாற்பது நிமிடம் ஆனது

2022, மின்வெட்டுக் காலம். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு நான் எழுதிய பில் புரோகிராம் லினக்ஸில் ஓடியது. மதர்போர்டின் சின்ன பற்றரி செத்திருந்ததால், கரண்ட் போய் வந்தால் நேரம் தாறுமாறாக இருக்கும். கடைத் தம்பி கையாலேயே திருத்துவார். அன்று 40 நிமிடம் முன்னால் வைத்துவிட்டார். கொஞ்சம் கழித்து ரூட்டர் வேலை செய்யத் தொடங்க, கணினி இணையத்தில் சரியான நேரத்தைப் பார்த்துப் பின்னுக்குத் தாவியது. பில் வரவில்லை.

"தம்பி, சனம் வரிசையில நிக்குது" என்று முதலாளி போன் எடுத்தார். ஓடிப்போய் லாக்கை, அதாவது புரோகிராம் தான் செய்வதை நேரத்தோடு எழுதும் கோப்பைத் திறந்தேன். 11:12:07க்கு "பிரின்டர் பதிலுக்கு 5 செக்கன்" என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியின் நேரம் 10:32:09!

பிரின்டரின் பதில் வரும்வரை காத்திருக்க நான் பயன்படுத்தியது பித்ரெட் காண்டிஷன் வேரியபிள், அதாவது ஒரு விஷயம் நடக்கும்வரை அல்லது கெடு முடியும்வரை புரோகிராமை நிறுத்திவைக்கும் கருவி. அது "5 செக்கன்" என்று எண்ணுவதில்லை. "11:12:12 வரை" என்று சுவர்க் கடிகாரத்தை, அதாவது கணினி காட்டும் நேரத்தைப் பார்த்துக் காத்திருக்கும். கடிகாரம் பின்னுக்குப் போனால் காத்திருப்பும் நீளும். முன்னுக்குத் தாவினால் அந்தத் தாவலுக்குள் அடங்கும் எல்லாக் கெடுவும் ஒரே நொடியில் முடியும்.

வேரியபிளை உருவாக்கும்போதே, கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து எண்ணும் மொனோடொனிக் கடிகாரத்தைக் கொடுத்தேன். அதை யாரும் முன்னுக்கோ பின்னுக்கோ தாவவைக்க முடியாது. ஆனால் கெடுவைக் கணக்கிடும் இடத்திலும் அதே கடிகாரம்தான் இருக்கவேண்டும், தயவுசெய்து மறக்காதீர்கள். 1970இலிருந்து எண்ணிய செக்கன்களை, பூட் ஆனதிலிருந்து எண்ணும் கடிகாரம் எட்டிப்பிடிக்க 50 வருடத்துக்கு மேல் ஆகும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்:
அண்ணா, எனக்கு 2006 ஏப்ரல் 15 ஞாபகம் வந்தது. இலங்கை நேரம், யுடிசி எனும் உலகப் பொது நேரத்தைவிட 6 மணித்தியாலம் முந்தியிருந்ததிலிருந்து ஐந்தரைக்குத் திரும்பிய நாள். கணினியின் நேர வலயத்தை மட்டும் மாற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, உள்ளே ஓடும் யுடிசி எண்ணிக்கை அப்படியே இருக்கும். நாங்கள் பழைய வலயத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தையே அரை மணித்தியாலம் பின்னால் இழுத்தோம். 10 நிமிடத்தில் மறுபடி முயலவேண்டிய பேக்கப் 40 நிமிடம் சும்மா கிடந்தது. சரி, மடிக்கணினி தூங்கினால் மொனோடொனிக் என்ன செய்யும்?

லினக்ஸில் அதுவும் தூங்கிவிடும் தம்பி. தூங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ண பூட்டைம் கடிகாரம் தனியாக இருக்கிறது. பில் கடைக்கு எனக்கு அது தேவைப்படவில்லை. அப்புறம், புரோகிராம் காத்திருக்கும்போதே டேட் கட்டளையால் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துப் பாருங்கள். நான் இப்போது எதையும் அப்படிப் பார்க்காமல் கடைக்குக் கொடுப்பதில்லை.