காசநோயாளியைச் சேர்க்கும் நாளில் வீட்டு நிலையையும் கேட்க வேண்டுமா?

கேள்வி: வட்ட மருத்துவமனைச் செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் 2022 முதல் நடைமுறையில் உள்ள காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் உறுதியானதுமே ஒவ்வொருவருக்கும் எடையும் உயரமும் எடுத்து பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) கணக்கிடுகிறோம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவற்றையும் பார்க்கிறோம். இதில் எங்களுக்குச் சிரமம் இல்லை. சேர்க்கை தேவை என்று தெரிந்தவர்களில் சிலர், "வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன்" என்று போய்த் திரும்பாமல் இருப்பதும், சேர்ந்த சிலர் மூன்றாம் நாளே சொல்லாமல் வெளியேறுவதும்தான் சிக்கல்.

சில வாரங்களுக்கு முன் வந்த ஒருவரின் எடை 34 கிலோ, உயரம் 160 செ.மீ.; பி.எம்.ஐ. 13.3. எவ்வளவு சொல்லியும் அவர் தங்கவில்லை. கட்டடம் ஒன்றுக்குக் காவலாளியாக அங்கேயே ஒரு கொட்டகையில் தங்கியிருக்கிறார் என்பதும், ஒரு வாரம் இல்லாவிட்டால் வேலையோடு தங்குமிடமும் போய்விடும் என்பதும், சுகாதாரப் பார்வையாளர் தேடிச் சென்ற பிறகே தெரிந்தன. இந்த அளவுகளை எழுதும் படிவத்திலேயே வீட்டு நிலை குறித்த கேள்விகளையும் சேர்த்துவிடலாமா? சேர்த்தால் யார், எப்போது கேட்பது?

பதில் 1: நெஞ்சகநோய் மருத்துவர்

அந்தப் படிவத்தோடு சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்குள், அதிலும் தொடக்க வாரங்களில் நிகழ்வதால்தான், ஆய்வகமோ மருத்துவரோ இல்லாமல் எந்தப் பணியாளரும் சில நிமிடங்களில் முடிக்கக்கூடிய அளவுகளாக அவை தேர்ந்தெடுக்கப்பட்டன. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழ், கால் வீக்கம் இருந்தால் 16 வரை; மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல்; ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழ்; பிடிமானமின்றி எழுந்து நிற்க இயலாமை. இவற்றில் ஒன்று இருந்தாலே விரிவான மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். கீழே பத்துக் கேள்விகளை ஒட்டினால் முதலில் பலியாவது உயரம்தான்; எல்லோருக்கும் ஒரே உயரம் எழுதப்பட்ட பதிவேட்டை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் வீட்டு நிலை என்று நாம் ஒதுக்கும் இரண்டு கேள்விகள் உண்மையில் மருத்துவக் கேள்விகள். கடைசியாக வயிறார எப்போது சாப்பிட்டார் என்பது ஒன்று. பல நாள் பட்டினியில் வந்தவருக்கு, உறவினர் அன்போடு கொண்டுவரும் சாப்பாட்டை முதல் நாளே நிறையக் கொடுத்தால், இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். உணவைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். மற்றொன்று குடி. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது இரண்டாம், மூன்றாம் நாளில் நடுக்கமும் குழப்பமும் உச்சத்துக்குப் போகும். நீங்கள் சொல்லும் "மூன்றாம் நாள் வெளியேறுபவர்"களில் சிலர் பிடிவாதக்காரர்கள் அல்லர், குடி நிறுத்தத்தால் தவிப்பவர்கள். இதைச் சேர்க்கும்போதே கேட்டுவிட்டால் மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம்.

பதில் 2: முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர்

மருத்துவர் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். படிவம் தனியாக இருக்கட்டும்; ஆனால் கேள்வி அதே நாளில், "சேர வேண்டும்" என்ற சொல் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் இருக்க வேண்டும். சேரச் சொன்ன பிறகு விசாரித்தால், மறுத்ததற்குக் காரணம் கேட்கிறோம் என்று நினைத்து அவர் வாயைத் திறக்க மாட்டார்.

நான் கேட்பது ஒரே கேள்விதான்: "நீங்கள் பத்து நாள் இங்கே இருந்தால் வீட்டில் எது நின்றுபோகும்?" கூலி, கைக்குழந்தை, ஆடு மாடு, படுத்த படுக்கையாக இருக்கும் தாய் என்று விடை தானாக வரும். "உங்களுக்கு வசதி எப்படி?" என்று கேட்டால் மானம் காக்கும் பொய்தான் வரும்.

அடுத்து வங்கிக் கணக்கு. 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய, காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் ஆகியிருக்கிறது. கணக்கு முடங்கிக் கிடந்தால் அந்தப் பணம் உரிய காலத்தில் வராது. விவசாயக் கூலியாக இருந்தால் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை உள்ளதா என்றும் பாருங்கள். காசநோய்க் காலத்துக்கு அதிலும் உதவித்தொகை உண்டு. ஒரே உலையில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதும் முக்கியம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. நோயாளிக்கென்று கொடுத்த பருப்பை அவர் மட்டும் தனியாகச் சாப்பிடுவார் என்று எதிர்பார்ப்பது நம் வீடுகளில் நடக்கிற காரியம் அன்று.

நம்மால் எதுவும் செய்ய இயலாத கேள்வியைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

பதில் 3: நோயாளியின் மகள்

நான் மருத்துவத் துறையைச் சார்ந்தவள் அல்லள். என் அப்பாவிடம் ஒரு மருத்துவமனையில், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது, "குடிப்பீர்களா? வீட்டில் யார் யாருக்கு இருமல்?" என்று சத்தமாகக் கேட்டார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவரும் அந்த வரிசையில் நின்றதால், எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உண்மையில் அவர் தினமும் குடித்தார். என் தம்பிக்கும் அப்போது இருமல் இருந்தது. கேள்வி நல்லதாக இருந்தாலும், கேட்கும் இடம் சரியில்லை என்றால் எழுதிக்கொள்வது முழுவதும் பொய்யாகத்தான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எடை எடுக்கும் அறையில் கதவு இருப்பதால், அளவுகளை முடித்த கையோடு அங்கேயே உட்கார வைத்து, சாப்பாடு, குடி, "எது நின்றுபோகும்" ஆகிய மூன்றை மட்டும் கேட்டு நோயாளியின் அட்டையின் பின்பக்கம் எழுதலாம் என்று இருக்கிறேன். துணைக்கு ஆளே இல்லாதவரை வார்டில் சேர்க்கத் தயங்குகிறார்கள்; அதற்கு என்ன செய்கிறீர்கள்?

மேற்பார்வையாளர்

"துணை இல்லை, எழுந்து நிற்க இயலாது" என்று இரண்டையும் பரிந்துரைக் கடிதத்திலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள், சகோதரி. பிறகு அனுப்பும் முன் வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் படுக்கையைச் செவிலியர் மேசைக்கு அருகில் ஒதுக்குகிறார்கள். தெரியாமல் போனால்தான் வாசலில் வாக்குவாதம் நடக்கிறது.