கேரி (பந்தை வாங்கி ஓடும் வாய்ப்பு) அதிகமாகக் கிடைக்க என்ன செய்ய வேண்டும்? அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடும் இளம் ரன்னிங் பேக்குகளைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்னாப் கணக்கு:
அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் செப்டம்பர் பிறந்தால் இதே புலம்பல்தான். "அந்தச் சின்னப் பையன் கேரிக்கு 9 யார்டு எடுக்கிறான், ஏன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்?" 10 கேரி, 90 யார்டு என்று பார்த்தால் அசத்தல்தான். அதில் ஒரே ஓட்டம் 63 யார்டு என்றால், மிச்ச 9 கேரிக்கு 27. சராசரி மூன்றே யார்டு. பத்து யார்டு முன்னேற அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். பலர் இப்போது பார்ப்பது வெற்றி விகிதம்: முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுசாகக் கிடைத்ததா என்று. ஆனால் பையன் பெஞ்சில் இருப்பதற்கு இதுகூடப் பெரிய காரணம் இல்லை. மூன்றாம் டவுனில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) பக்கத்தில் அவரைக் காக்க யார் நிற்கிறார் என்று கவனியுங்கள்.

பிளிட்ஸ் பிடிப்பவர்:
அதே, அதே. பள்ளியில் நட்சத்திரமாக இருந்தவனுக்குப் பந்தைக் கொடுத்துத்தான் பழக்கம். யாரையும் தடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்லூரிக்கு வந்ததும் இங்கேதான் மாட்டிக்கொள்வான்.

முன்வரிசைத் தடுப்பாளர்களான லைன் ஒரு பக்கமாகச் சரிந்து குவார்ட்டர்பேக்கைக் காக்கும் புரொடெக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்து லைன்பேக்கர்கள் (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நின்று பாய்ந்து வருபவர்கள்) ரன்னிங் பேக்கின் பொறுப்பு. பார்க்கும் வரிசை உள்ளிருந்து வெளியே. உள்ளே இருப்பவன் வருகிறானா? இல்லையென்றால் அடுத்தவன். இருவரும் ஒன்றாக வந்தால் உள்ளே வருபவனைத்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் குவார்ட்டர்பேக்கை எட்ட அவனுக்குத்தான் வழி குறைவு. வெளியே வருபவன் வந்து சேர்வதற்குள் பந்தை எறிந்துவிடுவது குவார்ட்டர்பேக்கின் வேலை. புதுப் பையன் கண்ணில் முதலில் படுபவனை, அதாவது வெளிப்பக்கத்தவனைப் பிடிக்க ஓடுவான். நடுவில் கதவு திறந்துவிடும்.

ஆளைச் சரியாகக் கண்டுபிடித்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. நின்ற இடத்திலேயே காத்திருந்தால், ஓடிவரும் லைன்பேக்கர் குவார்ட்டர்பேக் மடியிலேயே கொண்டுபோய்த் தள்ளிவிடுவான். இரண்டு குட்டை அடி முன்னே வைத்து, லைனுக்குப் பக்கத்திலேயே எதிர்கொள்ள வேண்டும். முழங்கால் மடங்கி இருக்கணும், தலை நிமிர்ந்து இருக்கணும், கை அவன் மார்புப் பட்டைக்குக் கீழே போகணும். தலையைக் குனிந்து தோளால் மட்டும் இடித்தால் அவன் ஒதுங்கிப் போய்க்கொண்டே இருப்பான். ஆட்டப் பதிவில் இது ஒரு தடவை தெரிந்தால் போதும், அடுத்த வாரம் ஸ்னாப், அதாவது களத்தில் இறங்கும் தடவை, குறையும்.

மெஷ் பாயிண்ட்:
ஓட்டத்திலும் ஒன்று சொல்கிறேன். இன்சைட் ஸோனில் (லைன் சேர்ந்து ஒரே பக்கம் நகர, நடுவில் ஓடும் ஓட்டம்) பையன்கள் கெடுவது வேகம் போதாமல் இல்லை, வேகம் கூடிப்போய். லைனின் நடுவில் நிற்கும் கார்டும் சென்டரும் சேர்ந்து எதிரணி முன்வரிசையில் ஒரு டிஃபென்சிவ் டாக்கிளைத் தள்ளுவார்கள். பிறகு அதில் ஒருவர் கழன்று லைன்பேக்கர் மேல் போவார். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். பேக் அதற்கு முன்பே போய் முட்டினால் லைன்பேக்கர் சும்மா நிற்பான், கட்டிப்பிடித்துப் படுக்கப்போட்டுவிடுவான். ஆரம்பத்திலேயே பின்பக்கம் வெட்டித் திரும்பிவிட்டாலும் தப்பு. லைன்பேக்கர் ஏமாறவே மாட்டான். லைனை ஒட்டிப் போய், அவன் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டுக்கு நேரம் கிடையாது.

ஸோன் ரீடில் (பந்தைக் கொடுப்பதா, தானே வைத்துக்கொண்டு ஓடுவதா என்று குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆட்டம்) இன்னொரு வியாதி, பந்தைப் பிடுங்குவது. குவார்ட்டர்பேக் பக்கத்து முழங்கை மேலே, கீழ்க்கை உள்ளங்கை வானம் பார்த்து, நடுவில் பந்துக்கு இடம். அவர் எதிரணியின் கடைசி லைன்மேனைப் பார்த்து முடிவெடுக்கும்வரை மெதுவாக அணைத்தால் போதும். இறுக்கினால் இருவர் கையிலும் மாட்டிப் பந்து தரையில்.

ஐந்து இடம்:
ஃபம்பிள் (பந்தை நழுவவிடுவது) பற்றி நீட்ட ஒன்றுமில்லை. விரல்நுனி, உள்ளங்கை, முன்கை, புஜம், மார்பு என்று ஐந்து இடத்திலும் பந்து ஒட்டியிருக்கணும். கூட்டத்துக்குள் நுழைந்தால் இரண்டு கை. பந்து அதிகம் போவது, காலை ஒருவன் பிடித்த பிறகும் விழாமல் இன்னும் இரண்டு யார்டுக்குத் திமிறும்போது. அப்போது இரண்டாவது ஆள் வந்து குத்துவதே பந்தைத்தான்.

பழைய பதிவுகள்:
பொறுமைக்கு உதாரணம் கேட்டால் பாரி சாண்டர்ஸ். ஓக்லஹோமா ஸ்டேட்டில் 1986, 1987 இரண்டு சீசனும் தர்மன் தாமஸுக்குப் பின்னால்தான். அப்போதும் சும்மா இருக்கவில்லை. 1987-இல் கிக்காஃப் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடுவது) சராசரியில் நாட்டிலேயே முதலிடம். தாமஸ் போனதும் 1988-இல் 11 ஆட்டம், 344 கேரி, 2,628 யார்டு, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களில்) ஓடச் சொன்னால் முகம் சுளிக்கும் பையன்களுக்கு இதைக் காட்டலாம்.

திடீர் வாய்ப்புக்கு நிக் சப். 2014 அக்டோபரில் முதன்மை ரன்னிங் பேக் டாட் கர்லி இடைநீக்கம் ஆனதும், முதலாண்டுப் பையனான இவரை மிசௌரிக்கு எதிராக இறக்கியது ஜார்ஜியா. 38 கேரி, 143 யார்டு, ஆட்டம் 34-0. அந்த 143-ஐவிட, புதுப் பையனை நம்பி 38 தடவை பந்தைக் கொடுத்தார்களே, அதைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

ஸ்னாப் கணக்கு:
ஆனால் அலபாமாவில் ஜாஷ் ஜேக்கப்ஸ் எந்த சீசனிலும் 120 கேரியைத் தாண்டியதில்லை. 2019 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றிலேயே, 24-ஆவது ஆளாக எடுத்தார்கள். கேரி எண்ணிக்கை மட்டுமே எல்லாம் இல்லை, நண்பரே. கேரி வரவில்லை என்று அக்டோபரிலேயே டிரான்ஸ்ஃபர் போர்ட்டலை (கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் பட்டியல்) பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கட்டும்.

பிளிட்ஸ் பிடிப்பவர்:
சரிதான். ஒன்று விட்டுப்போச்சு, கடைசி இரண்டு நிமிடம். அணி முன்னிலையில் இருக்கும்போது ரன்னிங் பேக் கோட்டுக்கு வெளியே போனால் கடிகாரம் நின்று, அடுத்த ஸ்னாப்பில், அதாவது அடுத்த முயற்சிக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும்போதுதான், மறுபடி ஓடும். எதிரணிக்கு ஒரு டைம்அவுட் செலவு மிச்சம். ஐந்து யார்டு கூடக் கிடைக்கும் என்று தெரிந்தாலும் உள்ளேயே விழணும். இதைச் செய்கிற பையனை அந்த நேரத்தில் களத்தில் விடுவார்கள், மற்றவனை விடமாட்டார்கள்.